அம்மா வீடு இல்லாத மிஷின்

எந்த வருஷம் என்று சொல்லமாட்டேன். சொன்னால், அந்த ஐப்பசியில் புயல் எந்தப் பக்கம் போயிற்று என்று பழைய பேப்பரைப் புரட்டிக்கொண்டு யாராவது என்னோடு வாதத்துக்கு வருவார்கள். எழுபதுகளில் ஒரு வருஷம், அது போதும். என் வீட்டுக்காரர் குமாரவேல் அப்போது காஞ்சிபுரத்தில் பொதுப்பணித் துறையில் செக்‌ஷன் ஆபீசர். சுற்றுவட்டாரத்து ஏரிகள் அவர் பொறுப்பு. தறிக்காரர் வீட்டில் பிறந்து, பட்டு நூலை விட்டுவிட்டு ஏரித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டவர். இரண்டும் கையில் நிற்காத சமாச்சாரம் என்று நான் கேலி செய்தால், இரண்டுக்கும் பொறுமைதான் வேண்டும் என்பார். அவருக்குப் பொறுமை இருந்தது. என்னைக் கடவுள் கோபத்தோடுதான் அனுப்பிவைத்தார்.

அவரை நிம்மதியாகச் சாப்பிடவிடாத ஏரி தாமல் ஏரி. ஊருக்கு மேற்கே இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பார்த்தால் எதிர்க்கரை தெரியாது. சில வருஷமாக அரையும் குறையுமாகக் கிடந்த அந்த ஏரி, அந்த ஐப்பசி மழையில் விளிம்பு வரைக்கும் வந்துவிட்டது. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாகத் தானாக வழிந்தால் எங்கள் பக்கத்தில் 'ஏரி கோடி போவுது' என்பார்கள். அப்படிக் கோடி போகிற அன்றைக்குக் கரையில் பொங்கல் வைக்கத் தாமல் பெண்கள் வெல்லம்கூட வாங்கிவைத்துவிட்டார்கள். அப்படி வழிகிற தண்ணீர்தான் வேகவதியாகி எங்கள் ஊருக்குள் வரும். அதை ஆறு என்று ஊரில் யாரும் மதிப்பதில்லை. வருஷத்தில் பாதி நாள் அதில் மாடு மேயும். என் மாமியார் வடிவாம்பாளின் வீடு அந்த வேகவதிக் கரைத் தெருவில், தாழ்ந்த பக்கத்தில் இருந்தது. வீட்டில் இரண்டு குழித்தறி. தரையில் பள்ளம் வெட்டி, அதற்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற தறிகள். தெரு முழுக்க அப்படித்தான்.

ஏரிக்கரையில் ஓர் இடத்தில் முந்தின வருஷ மழைக்கு மண் சரிந்திருந்தது. மண்ணைக் கொட்டி, மூட்டை அடுக்கி ஒப்பேற்றியிருந்தார்கள். முறையாகக் கட்ட அனுமதி கேட்டதற்கு மேலிடத்திலிருந்து பதில் வந்தபாடில்லை. சாதாரண மழைக்கு அந்த ஒட்டு தாங்கும், நிரம்பின ஏரியின் மேல் புயல் மழை கொட்டினால் தாங்காது என்று இவர் என்னிடம் சொன்னார். தாங்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். கரைக்குக் கீழே இருக்கும் குடிசைகள் முதலில் போகும், அப்புறம் அம்மா தெரு என்றார். அதைச் சொல்லும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

இந்த இடத்தில் கோதண்டபாணியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஐயம்பேட்டைக்காரர், பள்ளிக்கூடத்தில் இவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அவருடைய அக்காவைக் காஞ்சிபுரத்திலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். மெட்ராஸில் வானிலை ஆபீசில் வேலை. கடலில் புயல் கிளம்பினால் அது எங்கே கரையேறும் என்று படம் போடுவதுதான் உத்தியோகம். கப்பல்களிலிருந்தும் தீவுகளிலிருந்தும் வருகிற காற்றுக் கணக்கையெல்லாம் பெரிய தாளில் குறித்து, பென்சிலால் கோடு இழுப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. காப்பி டம்ளரின் ஈரத்தைத் தொட்டு மேசைமேல் புயல் வரைவார். அவர் போனபிறகு வங்காள விரிகுடாவைத் துடைப்பது என் வேலை.

அவருக்கு முந்தின வருஷம் டெல்லியில் ஒரு போட்டி கிளம்பியிருந்தது. பெரிய கம்ப்யூட்டர் ஒன்று. இதுவரை வந்த புயல்களின் பாதைகளையெல்லாம் ஓட்டை போட்ட அட்டைகளாக அதற்குள் செலுத்தியிருந்தார்களாம். புதிதாக ஒரு புயல் வந்தால், இதே மாதத்தில், இதே இடத்தில், இதே போக்கில் இருந்த பழைய புயல்கள் எங்கே போயின என்று பார்த்து, கணக்குப் போட்டுப் பாதையைச் சொல்லிவிடுமாம். இதை அவர் கண்கள் விரிய விளக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் மாமியார், நம்ம ஜக்கார்டுப் பெட்டிதானே, அதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்டுவிட்டாள். தறிக்கு மேலே அட்டையைக் கட்டி மயிலும் யானையும் எடுக்கிற ஊர் இது. ஓட்டை அட்டைக்கு இங்கே யாரும் பயப்படுவதில்லை.

புயல் ஒன்று வங்காள விரிகுடாவில் சுற்றிக்கொண்டிருந்த சமயம், ஒருநாள் காலையில் கோதண்டபாணி போன் செய்தார். போனைக் காதில் வைத்திருந்த இவருடைய முகம் மாறுவதை நான் சமையற்கட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பேசினதைப் பிறகு இவரே வார்த்தைக்கு வார்த்தை சொன்னார். டெல்லிக் கணக்குப்படி புயல் வடக்கே திரும்பி நெல்லூருக்கும் அப்பால் கரையேறும். ரேடியோவில் அதைத்தான் சொல்லப்போகிறார்கள். ஆனால் கோதண்டபாணி தன் கையால் போட்ட கோடு வடக்கே திரும்பவில்லை.

"மாமல்லபுரத்துக்குத் தெக்க ஏறி, நேரா உங்க ஊரு மேல வருதுடா."

அப்படியானால் அதை ஏன் ரேடியோவில் சொல்லவில்லை என்று இவர் கேட்டார். ஊருக்கு இரண்டு விதமாகச் சொல்ல முடியாது, ஒன்றைத்தான் சொல்லவேண்டும், டெல்லிக் கணக்கில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன் என்றார் அவர். பிறகு இவர், மிஷின் சொன்னதைப் பார்ப்பதற்கு முன்னால் கோடு போட்டாயா, பின்னால் போட்டாயா என்று கேட்டார். முன்னால்தான் என்று பதில் வந்தது. எப்போதும் தன் கோட்டைப் போட்டுவிட்டுத்தான் டெல்லித் தாளைப் பிரிப்பாராம்.

அப்புறம் இவர் கேட்டது என் காதிலேயே விழுந்தது.

"நானும் உங்க அக்காவும் இந்தப் பக்கத்துல குடியில்லன்னா, உன் கோடு இந்தப் பக்கம் வந்திருக்குமாடா?"

அதற்குக் கோதண்டபாணி சொன்னாராம்:

"தெரியலடா. அது தெரியாததாலதான் கையெழுத்து போட்டேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நாட்டுக்குச் சொல்ல தைரியம் இல்லாததை இந்த மனுஷன் ஏன் நம் வீட்டில் கொண்டுவந்து கொட்டுகிறார் என்று கத்தினேன். தெரியாமலே இருந்திருந்தால் ரேடியோ சொன்னதைக் கேட்டுவிட்டு நாமும் எல்லாரையும்போல் இருந்திருப்போம். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு தாமலுக்குக் கிளம்பிவிட்டார்.

தாமலில் நடந்ததை, ஷட்டர்களைத் திருகித் திறந்து மூடுகிற லஸ்கர் பழனி பிறகு எனக்குச் சொன்னான். இவர் போனபோது பாசனக்காரர்கள் எல்லாரும் கரையில் கூடியிருந்தார்கள். அவர்களில் பேச்சு செல்லும் ஆள் கண்ணாயிரம். ஆறடி உயரம், அக்குளில் எப்போதும் ஒரு டிரான்சிஸ்டர். அவருடைய நிலம் கடைமடையில், மதகிலிருந்து ரொம்பத் தள்ளி. ஏரியில் நிறையத் தண்ணீர் நின்றால்தான் அவர் கழனி வரைக்கும் அது போய்ச்சேரும். புயல் வருவதற்குள் ஏரியைப் பாதியாவது இறக்கிவிட வேண்டும் என்று இவர் சொன்னதும் கண்ணாயிரம் டிரான்சிஸ்டரைத் தூக்கிக் காட்டினார். இப்போதுதான் சொன்னார்கள், புயல் ஆந்திராவுக்குப் போகிறது. பிறகு எதற்குத் தண்ணீரைக் கொட்ட வேண்டும்? பயிர் இப்போதுதான் தலையெடுக்கிறது. மழை நின்றபிறகு தை வரைக்கும் இந்த ஏரியை நம்பித்தானே இருக்கிறோம் என்றார். அத்தனையும் நியாயம்.

யார் சொல்லி இப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டபோது இவர் கோதண்டபாணியின் பெயரை எடுக்கவில்லை. எடுத்தால் அவர் வேலை போய்விடும். இது என் கணக்கு என்று மட்டும் சொன்னார்.

"உங்க கணக்கு இன்னா கணக்கு சார்? உங்க அம்மா வூடு ஆத்தங்கரையில இருக்குது. ஏரி ஒடைஞ்சா அந்தத் தெரு போயிடும்னு உங்களுக்கு பயம் இருக்கும். தப்பில்ல. எனக்கா இருந்தாலும் இருக்கும். டெல்லி மிஷினுக்கு அம்மா வூடு கெடையாது. அது சொல்றத நாங்க நம்பறோம்."

எல்லாரும் சிரித்தார்கள், தனக்கும் சிரிப்பு வந்துவிட்டது என்று பழனி ஒப்புக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் இவர் போனில் நண்பனைக் கேட்ட அதே கேள்வியை, மதியத்துக்குள் ஒரு விவசாயி இவரைப் பார்த்துக் கேட்டுவிட்டார். வேறு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். கண்ணாயிரம் சொன்னதில் மட்டும் எனக்கு எந்த ஓட்டையும் அகப்படவில்லை.

இவர் பேச்சை விட்டுவிட்டுக் கரைமேல் தனியாக நடந்து போனாராம். அந்த ஒட்டுப்போட்ட இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஊன்றி ஊன்றிப் பார்த்தாராம். திரும்பி வந்து, வாய்க்கால் மதகைத் தொடவேண்டாம், கலங்கல் ஷட்டர்களை மட்டும் தூக்கு என்று பழனியிடம் சொன்னார். மதகைத் திறந்தால் தண்ணீர் நட்ட பயிரின் மேல் பாயும். கலங்கலைத் திறந்தால் வயலுக்கு ஒரு கெடுதலும் இல்லை, அத்தனையும் வேகவதியில் இறங்கும். ஏற்கெனவே மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த ஆறு அது. இன்னும் தண்ணீர் சேர்ந்தால் நேராக என் மாமியார் தெருவுக்குள்தான் ஏறும். புயல் வந்தாலும் ஏறும், வராவிட்டாலும் ஏறும்.

கண்ணாயிரம் இவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா வீட்டு மேலேயா விடப்போகிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றார் இவர். அதற்குமேல் யாரும் குறுக்கே வரவில்லையாம். சரி என்றும் யாரும் சொல்லவில்லை.

பழனி ஷட்டரைத் தூக்கிவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு என்னிடம் வந்தான். தண்ணீர் வந்துசேருவதற்குள் தெருவில் எல்லாத் தறிகளிலும் நீளவாக்கில் கட்டியிருக்கும் பாவு நூலை அவிழ்த்துப் பரண்மேல் ஏற்றச் சொல்லுங்கள் என்று இவர் சொல்லியனுப்பியிருந்தார். ஏரியைத் திறந்தது அவர், ஏச்சு வாங்கப் போனது நான்.

போனேன். தெருவில் இரண்டு வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. புயல் ஆந்திராவுக்கு என்று எல்லாருக்கும் தெரியும். முகூர்த்த நாட்கள் நெருங்கியதால் அத்தனை தறியிலும் கல்யாணப் புடவைதான். பாதி நெய்த பாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவது என்றால் என்ன என்று தறியைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இழை ஒன்று விலகினாலும் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் கண் போய்விடும். நான் விஷயத்தைச் சொன்னதும் தெருவே என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தது. என் மாமியார் தறிக்குழியிலிருந்து எழுந்துகூட வரவில்லை.

"பெத்தவ வூட்டு மேல ஏரியத் தொறந்து வுடற புள்ளைய நான் எங்கியும் பாத்ததில்லமா. இதை நீயும் வந்து சொல்லிக்கினு நிக்கறியே."

எனக்கும் அதே கோபம்தான், ஆனால் அதைக் காட்ட அது நேரமில்லை. புயல் வருமோ வராதோ எனக்குத் தெரியாது, தண்ணீர் புறப்பட்டுவிட்டது, அது மட்டும் நிச்சயம் என்று சொல்லிவிட்டு, நானே குழியில் இறங்கிப் பாவின் முடிச்சில் கை வைத்தேன். அவிழ்க்கத் தெரியாமல் நான் நூலைச் சிக்காக்கிவிடுவேன் என்ற பயத்தில் என் மாமியார் என் கையைத் தட்டிவிட்டுத் தானே அவிழ்க்க ஆரம்பித்தாள். அவள் அவிழ்ப்பதைப் பார்த்துப் பக்கத்து வீடுகளும் அவிழ்த்தன. தண்ணீர் தெருவில் ஏறியபோது பாவுகள் எல்லாம் பரணில் இருந்தன. தறிக்குழிகள் நிரம்பி, மிதிபலகைகள் சேற்றுத் தண்ணீரில் மிதந்தன. என் மாமியார் கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, பெற்ற மகனை அவன் பிறந்த நாளிலிருந்து வரிசையாகத் திட்டினாள்.

புயல் கரையேறும் என்று சொன்ன அன்றைக்கு இவர் தாமல் கரையிலேயே இருந்தார். கண்ணாயிரமும் மற்றவர்களும் கூடவே இருந்தார்கள். இவர் இன்னும் ஒரு ஷட்டரைத் தூக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான். காலையில் வானம் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. வடக்கேயிருந்து காற்று வேகமாக வந்து, எங்கள் வீட்டு முருங்கையில் ஒரு கிளையை முறித்துப் போட்டது. நான் வாசலில் நின்று என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? புயல் வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் புருஷன் சொன்னது பலிக்கவேண்டும் என்பதற்காக, ஊர்மேல் புயல் வரட்டும் என்று சாமியைக் கேட்டேன். கேட்டபிறகுதான் நான் என்ன கேட்டேன் என்று புரிந்தது. உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

மத்தியானத்துக்கு மேல் காற்று திசைமாறி மேற்கேயிருந்து அடித்தது. மேகம் கலைந்து, வெட்கமில்லாமல் வெயில்கூட எட்டிப்பார்த்தது. சாயங்காலம் ரேடியோவில் சொன்னார்கள், நெல்லூருக்கு வடக்கே புயல் கரையேறிவிட்டது. மிஷின் சொன்ன இடம், சொன்ன நேரம். எங்கள் ஊரில் பெய்த மழைக்குக் குடைகூடத் தேவைப்படவில்லை.

அதற்குப்பிறகு அந்த வருஷம் மழையே இல்லை. கார்த்திகை பிறந்ததும் வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. தாமல் ஏரி பாதியில் நின்றது, இவர் இறக்கிவிட்ட பாதியில். மாமியார் தெருவில் தறிக்குழிகள் காயாமல் நெசவு நின்றது. கடைத்தெருவில் என்னைப் பார்த்துத் தெரிந்தவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இவர் தினமும் சைக்கிளில் தாமலுக்குப் போய், கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவார். நிச்சயமாகத் தெரியாமல் ஏன் திறந்தீர்கள் என்று நான் ஒருநாள் கேட்டேன். காலை ஊன்றினேன், மண் அமுங்கியது என்றார். புயல் வருமா என்று எனக்குத் தெரியாது, வந்தால் கரை நிற்காது என்று தெரியும். அதைவிட வேறு காரணம் அவரிடம் இல்லை. இருந்தாலும் அம்மா தெரு கண்ணுக்குள் வரவில்லை என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோதண்டபாணி பஸ் பிடித்து வந்தார். அவருக்காக நான் வார்த்தைகளைச் சாணை பிடித்து வைத்திருந்தேன். வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பெரிய இன்ஜினீயரிடம் போய் நான்தான் போன் செய்தேன் என்று சொல்லிவிடப்போகிறேன் என்றார். விவகாரம் அதற்குள் மேலே போய்விட்டிருந்தது. ஏரித் தண்ணீரை வீணாக ஆற்றில் விட்டார் என்று ஒரு கட்சிக்காரர் புகார் சொல்லி, விசாரணைக்குப் பெரிய இன்ஜினீயர் வருவதாக இருந்தது. நல்லது, போய்ச் சொல்லுங்கள் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"கோடுதான் உன்னுது. ஏரியத் தொறந்தது நான். நீ போவாத."

கோதண்டபாணி தலையைக் குனிந்துகொண்டார். நெல்லூர்ப் பக்கத்துக் கடற்கரைக் கிராமங்களில் ரேடியோவைக் கேட்டுவிட்டு ஜனங்களைப் பள்ளிக்கூடக் கட்டடங்களுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். குடிசைகள் மொத்தமும் போயிற்று, ஆட்கள் பிழைத்துக்கொண்டார்கள். தன் கோட்டை மட்டும் சொல்லியிருந்தால் அவர்கள் தங்கள் குடிசைகளிலேயே இருந்திருப்பார்கள் என்றார். தைரியம் இல்லாமல் கையெழுத்துப் போட்டேன் என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன், அந்தக் கையெழுத்துதான் அவர்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சாணை பிடித்து வைத்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. காப்பி கொண்டுவந்து வைத்தேன்.

அப்படியானால் இனிமேல் மிஷின் சொல்வதையே கேட்டுக்கொண்டு எல்லாரும் சும்மா இருக்கலாமே என்று நான் கேட்டேன். வம்புக்குத்தான் கேட்டேன். அவர் நிஜமாகவே யோசித்தார். போன வருஷம் மிஷினும் தப்பாகச் சொல்லியிருக்கிறது என்றார். பழைய புயல்கள் போன வழியைத்தான் அது சொல்லும். புதுப் புயலுக்குப் பழைய வழி தெரியவேண்டும் என்று சட்டம் இல்லை. அடுத்த தடவையும் என் கோட்டைப் போட்டுவிட்டுத்தான் டெல்லித் தாளைப் பிரிப்பேன். ஆனால் இரண்டும் எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அவ்வளவு தூரத்துக் கரைக்கும் எச்சரிக்கை சொல்லவேண்டும் என்று சண்டை போடுவேன் என்றார். அந்தச் சண்டையைப் போன மாதமே போட்டிருக்கலாம் என்றேன். ஆமாம் என்றார். பஸ் ஏறப் போகும்போது மேசையைப் பார்த்தேன். காப்பி ஈரம் அப்படியே வட்டமாகக் கிடந்தது, அவர் ஒன்றும் வரையவில்லை.

விசாரணைக்கு நாள் குறித்ததுமே நான் பித்தளைப் பாத்திரங்களைக் கோணியில் கட்ட ஆரம்பித்துவிட்டேன். இவரை எப்படியும் மாற்றிவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் சந்தோஷம். எங்காவது தெரியாத ஊரில், யாரும் முகத்தைத் திருப்பாத தெருவில் போய் இருக்கலாம். இவர் மட்டும் கோணியைத் தாண்டித் தாண்டிப் போனாரே தவிர, ஒரு கரண்டியைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

விசாரணையன்று வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் நானும் பஸ் ஏறித் தாமலுக்குப் போனேன். கரையில் பழனிக்குப் பக்கத்தில், பெண்களோடு பெண்களாக நின்றேன். பெரிய இன்ஜினீயர் ஜீப்பிலிருந்து இறங்கி, ஏரியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். யாருடைய உத்தரவின்பேரில் திறந்தீர்கள் என்று கேட்டார். என் சொந்த முடிவு என்றார் இவர். ரேடியோவில் எச்சரிக்கை இந்தப் பக்கத்துக்கு இல்லையே என்றதற்கு, ஆமாம், இல்லை என்றார். இவ்வளவுதான் பேசத் தெரிந்த மனுஷனை நான் கட்டிக்கொண்டேன். இன்ஜினீயர் கூட்டத்தைப் பார்த்து, பாசனக்காரர்களைக் கேட்காமல் திறந்தாரா என்று கேட்டார்.

எல்லாரும் கண்ணாயிரத்தைப் பார்த்தார்கள். இந்த ஆள் இப்போது அம்மா வீட்டுக் கதையைச் சொல்லப்போகிறார், இவர் கதை முடிந்தது என்று நான் நினைத்தேன். கண்ணாயிரம் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நாங்கதான் சார் தொறக்கச் சொன்னோம். கரை சரியில்ல. நாங்க சொல்லித்தான் அவரு தொறந்தாரு."

இன்ஜினீயர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கூட்டத்தில் இன்னும் இரண்டு பேரைக் கேட்டார். அவர்களும் கண்ணாயிரத்தைப் பார்த்துவிட்டு, ஆமாம் சார் என்றார்கள். அந்த ஒட்டுப்போட்ட இடத்தைத் தானே போய்ப் பார்த்தார், தன் ஆபீசில் தூங்கிக்கொண்டிருந்த அனுமதி கேட்ட கடிதம் அவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். அப்புறம் அதிகம் பேசாமல் ஜீப்பில் ஏறினார். நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். பக்கத்திலிருந்த பெண் எதற்கு அழுகிறேன் என்று கேட்டாள், நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஜீப் போனதும் இவர் கண்ணாயிரத்தின் பக்கத்தில் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணாயிரம் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். அவருக்குக் கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

"உங்க மேல இரக்கப்பட்டுச் சொல்லல சார். உங்கள மாத்திட்டா புதுசா ஒருத்தர் வருவாரு. தண்ணி பத்தலன்னு அவராண்ட போய் நின்னா, 'நானா தொறந்தேன்'னு கேப்பாரு. அவரு கேக்கறது நியாயந்தான். இருக்கற தண்ணி எல்லாக் கழனிக்கும் வராது. எந்தக் கழனிய காய விடறதுன்னு ஒருத்தரு சொல்லியாவணும். தொறந்த நீங்களே சொல்லுங்க. எங்க மூஞ்சியப் பாத்துக்கினு சொல்லுங்க."

கூட்டம் நெருங்கி வந்து நின்றது. இவர் ஏரியைப் பார்த்தார், வாய்க்கால் போகிற திசையைப் பார்த்தார். அந்தக் கணக்கை அவர் தினமும் அந்தக் கரையில் நின்று போட்டுக்கொண்டிருந்தவர்தான். விடை அவருக்கு எப்போதோ தெரியும். கடைசியில் கண்ணாயிரத்தின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேராதுங்க. மொதல்ல காயறது உங்க கழனிதான்."

கண்ணாயிரம் பயிர் நின்ற தூரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"தெரியும் சார். எனக்கும் அந்தக் கணக்குதான் வந்துது."

எப்போது வந்தது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. ஜீப் வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அடுத்தது யார் கழனி என்று கூட்டத்தில் ஒருவர் கேட்க, இவர் கரையிலேயே குந்தி உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, முகத்தைப் பார்த்துச் சொன்னார். கண்ணாயிரம் கடைசிவரை பக்கத்திலேயே நின்றார். நான் பஸ்ஸுக்குக் காத்திராமல் கொஞ்ச தூரம் நடந்தேன். வீட்டுக்குப் போனதும் கோணியை அவிழ்த்துப் பாத்திரங்களை எடுத்து அடுக்கிவிட்டு, இவருக்குச் சோறு வடித்தேன்.